அபின்வழி அடிமைநோயும் அதற்குரிய வைத்தியமும்

அபின் என்னும் சொல் தமிழுக்குப் பிறப்புரிமை உடையதன்று. பொப்பிச் செடியின் பசுங்காயைக் கீறியவிடத்துக் கசிந்து உறையும் பாலைக் கிரேக்கர் 'ஓப்பியன்' என்றனர். அரபு மருத்துவர் அதனை 'அஃப்யூன்' என வழங்கினர். கீழைக் கடல்களில் மரக்கலங்கள் சென்ற திசையெல்லாம் அச்சொல்லும் சென்று, தமிழில் அபின் எனவும் அபினி எனவும் நிலைபெற்றது. கல்முனைக் கரையோர ஊர்களில் நோன்பு காலத்துச் சர்பத்தில் மிதக்கும் கசகசா இச்செடியின் விதையோ என ஐயுறுவோர் உளர். அவ்வையம் வேண்டா. இலங்கையிலே சர்பத்துக்கு இடப்படுவது துளசியினத்துச் செடியொன்றின் விதையாகும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

நோவைத் தணித்தல், வயிற்றோட்டத்தை நிறுத்துதல், இருமலை அடக்குதல், உறக்கம் தருதல் ஆகிய நான்கு குணங்களும் ஒரு பொருளிலேயே அமைந்தமையால் யூனானி ஹக்கீம்களும் நாட்டுப் பரிகாரிகளும் அபினைப் போற்றிக் கையாண்டனர். பிரித்தானியர் ஆட்சியிலே இலங்கையில் அது உரிமம் பெற்ற கடைகளில் வெளிப்படையாகவே விற்கப்பட்டது. விற்பனை பெருகியமை கண்டு எழுந்த கண்டனத்தின் பயனாக 1907ஆம் ஆண்டில் விசாரணைக் குழுவொன்று அமைக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டுச் சட்டம் பொது விற்பனையை ஒழித்தது. ஆயினும் அச்சட்டம் பழக்கத்துக்கு ஆளானோரைத் திடீரெனக் கைவிடவில்லை. அன்னாரின் பெயர்களைப் பதிவுசெய்து, அவர்களுக்கும் நாட்டு வைத்தியருக்கும் மட்டும் அளவோடு அபின் கிடைக்க வகைசெய்தது. பழக்கம் ஊறிய உடலுக்கு அப்பொருளை ஒரே நாளில் மறுத்தல் ஆகாது என்னும் உண்மை அன்றைய ஆட்சியாளருக்கே புலப்பட்டிருந்தமை குறிப்பிடத்தக்கது. 1929இல் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் பிறந்தது. பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது அதுவே.

இனி, அபினின் வழித்தோன்றல்களை நோக்குதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ட்டூணர் என்னும் ஜேர்மானிய மருந்தாளர் அபினிலிருந்து மோர்பீனைப் பிரித்தெடுத்தார். 1874இல் லண்டனில் ரைட் என்னும் இரசாயனவியலாளர் மோர்பீனை மாற்றி வேறொரு பொருளைச் செய்தார். அதனையே 1898இல் பேயர் நிறுவனம் 'ஹெரோயின்' எனப் பெயரிட்டு இருமல் மருந்தாகச் சந்தைக்கு அனுப்பியது. இருமலுக்கென்று வந்த மருந்தே ஒரு நூற்றாண்டின் பெருந்துயராயிற்று. இவையெல்லாம் வயலிலே விளையும் செடியை வேராகக் கொண்டவை. 1960ஆம் ஆண்டளவில் பெல்ஜியத்தில் போல் ஜான்சன் என்னும் வைத்தியர் ஆக்கிய ஃபென்டனிலுக்கோ செடியும் வேண்டா, வயலும் வேண்டா. ஆய்வுகூடத்து இரசாயனங்களே போதும். மோர்பீனிலும் 50 முதல் 100 மடங்கு வலிமையுடைய இம்மருந்து, சத்திரசிகிச்சையின்போது நோவறியாதிருக்கவும், புற்றுநோயாளரின் கொடிய வேதனையைத் தணிக்கவும் இன்றும் உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் பயன்படுகின்றது. வைத்தியரின் கையில் அது அருமருந்து என்பதில் ஐயமில்லை.

அதே பொருள் களவாக ஆக்கப்பட்டுத் தெருவுக்கு வந்தபோது நிகழ்ந்தது வேறு. பழக்கமில்லாத ஒருவருக்கு 2 மில்லிகிராம் அளவே உயிர்போகப் போதுமானதாகலாம் என்பர். அது சில உப்புப் பரல்களின் அளவேயாகும். ஹெரோயினோடும் போலி மாத்திரைகளோடும் இதனைக் கலப்போரிடம் மருந்துக்கடைத் தராசின் நுட்பம் இருப்பதில்லை. ஒரு பொட்டலத்தில் ஒன்றுமில்லாதிருக்கும், அடுத்ததில் இருவருக்கான மரணம் இருக்கும். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மிகையளவால் மாண்டோர் ஏறத்தாழ 1,08,000 பேர். அவர்களுள் 70,000க்கு மேற்பட்டோரின் மரணத்தில் ஃபென்டனில் போன்ற செயற்கைப் பொருள்கள் பங்கு கொண்டிருந்தன. கல்முனை மாநகர எல்லைக்குள் வாழ்வோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் என்பதை நினைப்பின், ஒரு முழு நகரமே ஓராண்டில் வெறுமையானதற்கு அது ஒப்பாகும். 2024இல் அத்தொகை ஏறக்குறைய 80,000 ஆகக் குறைந்தது. குறைந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று பின்னர்க் கூறப்படும்.

இலங்கையின் நிலை இதனின் வேறுபட்டது. இங்கு 1980களின் தொடக்கத்தில் பரவத் தொடங்கிய ஹெரோயினே அபின்வழி லாகிரிகளுள் முதன்மையானது. தூள் எனப் பொருள்படும் 'குடு' என்னும் சிங்களச் சொல்லே கரையோரத் தமிழிலும் அதன் பெயராயிற்று. பெரும்பாலோர் அதனை ஊசியால் ஏற்றுவதில்லை. மெல்லிய உலோகத் தகட்டில் வைத்துச் சூடாக்கி ஆவியை உறிஞ்சுகின்றனர். 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்துவோருக்கு மரணதண்டனை விதிக்க இடமளிக்கும் திருத்தமும் வந்தது. சட்டம் இத்துணைக் கடுமையாயிருந்தும் நான்கு தசாப்தங்களில் பொருள் மறையவில்லை. கடத்துவோனைத் தண்டிக்கும் சட்டம், பழக்கத்தில் வீழ்ந்தவனின் உடலுக்குள் நிகழ்வதை மாற்றமாட்டாது.

அவ்வாறு உடலுக்குள் நிகழ்வது யாது? மூளையின் உயிரணுக்களிலே அபினினப் பொருள்கள் வந்து பொருந்துதற்கென்றே ஏற்பிகள் உள்ளன என்பது 1973இல் நிறுவப்பட்டது. செடியொன்றின் பாலுக்காக மனித மூளையில் பூட்டு அமைந்திருப்பானேன் என்னும் வினா எழுந்தது. 1975இல் அபர்டீன் நகரத்து ஆராய்ச்சியாளர் விடை கண்டனர். உடலே தன் நோவைத் தணிக்கவும் அமைதி கொள்ளவும் அபினை ஒத்த பொருள்களைச் சுரக்கின்றது. அப்பூட்டு உடலின் சொந்தத் திறவுகோலுக்கென அமைந்தது. ஹெரோயின் என்பது அதே பூட்டைத் திறக்கும் கள்ளத் திறவுகோல்.

கள்ளத் திறவுகோல் நாள்தோறும் திறக்குமாயின் வீட்டுக்காரன் வாளாவிருப்பதில்லை. சம்மாந்துறை வெளியில் வயல் செய்வோருக்கு இதனை விளக்குதல் எளிது. கல்லோயா வாய்க்காலிலிருந்து வேண்டியதற்கு மேல் நீர் பாய்ந்துகொண்டேயிருப்பின், உழவன் வரம்பை உயர்த்துவான், தன் சிறு மடையை அடைப்பான், வடிகாலை அகலத் திறப்பான். திடீரென வாய்க்கால் நின்றுவிடின், வடிகால் திறந்தபடி, மடை அடைத்தபடி வயல் வெடித்துப் போகும். மூளையும் அவ்வாறே தன்னைத் திருத்திக்கொள்கின்றது. தன் சொந்தச் சுரப்பைக் குறைக்கின்றது, ஏற்பிகளின் உணர்ச்சியை மழுக்குகின்றது. அதனாலேயே முதல் வாரத்தில் ஒரு பொட்டலத்தில் கிடைத்த இன்பம் ஆறாம் மாதத்தில் ஐந்து பொட்டலத்திலும் கிடைப்பதில்லை. இது தாங்குதிறன் எனப்படும்.

பொருள் நின்றுவிடின் 8 முதல் 24 மணிநேரத்துள் உடல் கலகம் செய்யத் தொடங்கும். கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சு, எலும்பெல்லாம் முறிவதுபோன்ற நோவு, வயிற்றோட்டம், உறக்கமின்மை ஆகியன தோன்றி, இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சமுற்று, ஒரு வாரம் பத்து நாள்களில் தணியும். இவ்வேதனை பெரும்பாலும் உயிரைக் கொல்வதன்று. உம்மாவின் நகையைத் திருடியவனும் வாப்பாவின் மோட்டார்ச் சைக்கிளை அடகு வைத்தவனும் இன்பம் நாடிச் செய்தான் என ஊர் பேசும். அந்நிலையில் அவன் நாடியது இன்பமன்று, அவ்வேதனையினின்றும் ஒருநாள் விடுதலையே. திருட்டு திருட்டே ஆயினும், அதன் காரணத்தைப் பிழையாக அறியின் பரிகாரமும் பிழைக்கும்.

பத்து நாள்களில் உடல் வேதனை தணியுமாயின் நோயும் தீர்ந்தது என எண்ணுதலே இவ்விடயத்தில் மிகப் பெரிய மயக்கம். கரையோரக் குடும்பங்கள் கையாளும் பரிகாரங்கள் யாவும் இம்மயக்கத்தின்மேலேயே கட்டப்பட்டவை. மகனை அறையில் பூட்டி வைப்பார் சிலர். தூரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்புவார் சிலர். கடன்பட்டு கட்டாருக்கோ சவூதிக்கோ அனுப்பிவிடுதலும் உண்டு. "கலியாணம் முடித்து வைத்தால் பொறுப்பு வரும்" என்பது எல்லாவற்றினும் பரவலான நம்பிக்கை. பெண்வீட்டார் வீடு கட்டிக் கொடுக்க, மருமகன் அவ்வீட்டிலே குடிபுகும் வழக்குள்ள இவ்வூர்களில் இந்நம்பிக்கையின் விலையைக் கொடுப்பவள் ஒன்றுமறியாத ஒரு பெண். அவளுடைய தையல் இயந்திரமும் காதுத் தோடும் முதலிலே போகும். மாப்பிள்ளையின் பழக்கத்தை மறைத்துப் பெண் கேட்டோர் பாவம் அறியாதவர் எனல் இயலாது.

அமெரிக்கப் படைவீரரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. வியட்நாம் போரில் ஈடுபட்ட வீரருள் ஏறத்தாழ ஐந்திலொருவர் அங்கே ஹெரோயின் முதலியவற்றுக்கு அடிமையுற்றிருந்தனர். 1971இல் நாடு திரும்பியோரை லீ றொபின்ஸ் என்னும் பேராசிரியை தொடர்ந்து ஆராய்ந்தார். அடிமையுற்றோருள் மிகச் சிலரே ஊரில் மீண்டும் அடிமைப்பட்டனர் எனக் கண்டு அறிஞருலகம் வியந்தது. பழகிய இடமும், பழகிய தோழரும், பொருள் கிடைக்கும் சந்தும் கடல் கடந்து பின்தங்கிவிட்டன. மூளையின் நினைவைத் தூண்ட ஒன்றுமில்லை. இதனைப் படிப்போர் 'ஊரைவிட்டு அனுப்புதலே சரி' என முடிவு செய்தல் கூடும். உண்மை அதற்கு மறுதலையானது. அவ்வீரர் பழகிய இடத்தைவிட்டு வீடு திரும்பினர். கல்முனைக் கரையின் இளைஞனோ முகாமிலிருந்து, பழகிய இடத்துக்கே வீடு திரும்புகின்றான்.

முகாம்களைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் ஏற்பட்டது. தாமே விரும்பி வருவோர் ஒருபுறம், நீதவானின் கட்டளையால் அனுப்பப்படுவோர் ஒருபுறம் என இருவகையினருக்கும் அது இடமளித்தது. அவ்வகையில் பெயர்பெற்றது பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு. 2020 யூலையில் அங்கு கொரோனாத் தொற்றுப் பெருகியது. 2022 யூனில் உள்ளிருந்தோரிடையே கலவரம் மூண்டு ஒருவர் இறக்க, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். நாடு அப்பெயரை அறிந்தது பெரும்பாலும் இச்செய்திகளாலேயே. 2023 டிசெம்பரில் 'யுக்திய' என்னும் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் கைதாகினர். அவர்களுட் பலர் பழக்கத்துக்கு ஆளானோரே. பூட்டிய கதவுக்குள் பொருள் கிடைக்காமையால் உடல் வேதனை தீர்கின்றது. உணவும் ஒழுங்கும் உடலைத் தேற்றுகின்றன. இவை நன்மையே. ஆயினும் அங்கே இன்னொன்றும் நிகழ்கின்றது. அதனைக் குடும்பத்தார் அறிவதில்லை.

மீன்வாடியொன்றில் வேலைசெய்யும் 24 வயது இளைஞன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்க. கைதாகுமுன் அவன் நாளுக்கு ஐந்து பொட்டலம் உறிஞ்சிய போதும் நடமாடினான். உடல் அதற்கு இசைந்திருந்தது. ஆறு மாதம் பூட்டிய இடத்தில் இருந்தபின் அவ்விசைவு கரைந்துவிட்டது. உடல் புதியவனுடைய உடலாயிற்று, மனத்தின் நினைவோ பழையவனுடையது. வீடு திரும்புகின்றான். உம்மா கோழி அறுத்துச் சமைக்கின்றாள், வாப்பா முகம் கொடுத்துப் பேசுகின்றார். மூன்றாம் நாள் பழைய மச்சான் ஒருவன் கடற்கரையில் காண்கின்றான். "இன்றைக்கு மட்டும்" என்னும் சொல்லோடு பழைய அளவே கைக்கு வருகின்றது. அவ்வளவு இப்போது அவனுக்கு மிகையளவு. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். இது கற்பனை நிகழ்ச்சியேயாயினும் இதன் உண்மை கணக்கிடப்பட்டுள்ளது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானோரை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரையொன்று, முதல் இரு வாரங்களில் அவர்களது மரண வீதம் ஏனைய மக்களினதிலும் 12 மடங்குக்கு மேற்பட்டதெனவும், அதற்குத் தலையாய காரணம் மிகையளவே எனவும் காட்டியது. ஆகவே, மருந்தும் தொடர் கண்காணிப்பும் இன்றி வெறுமனே நிறுத்திவைத்து அனுப்புதல், சிலவேளை ஒன்றும் செய்யாதிருத்தலினும் ஆபத்தானது.

அங்ஙனமாயின் உண்மையான வைத்தியம் எது? முதற்கட்டம் உடலிலிருந்து பொருளை நீக்குதல். வேதனையைத் தணிக்கும் மருந்துகளுடன் வைத்தியர் மேற்பார்வையில் இது சில நாள்களில் முடியும். இது வாயிற்படி மாத்திரமே. பின்னர் வருவது மாதங்கள், பல்லோர்க்கு ஆண்டுகள் நீளும் பராமரிப்பு.

இப்பராமரிப்பின் தூணாக விளங்குவன இரு மருந்துகள். முதலாவது மெத்தடோன். நியூயோர்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்னும் வைத்தியர் இருவர் 1965இல் இதன் பயனை உலகுக்கு அறிவித்தனர். இதுவும் அபினினத்ததே. ஆயினும் வாய்வழி அருந்த மெல்ல ஏறி, ஒரு நாளுக்குக் குறையாமல் உடலில் நின்று, மெல்ல இறங்கும். எனவே ஹெரோயினைப்போல் உச்சியில் ஏற்றிப் பள்ளத்தில் தள்ளுவதில்லை. நாளுக்கொரு முறை, தாதியின் முன்னிலையில் அருந்திவிட்டு மனிதன் தன் தொழிலுக்குச் செல்லலாம். இரண்டாவது புப்பிரநோர்பின். இதனை நாவின்கீழ் வைத்துக் கரைப்பர். இது ஏற்பியில் இறுகப் பற்றும், ஆயினும் அரைகுறையாகவே திறக்கும். ஓர் எல்லைக்குமேல் அளவைக் கூட்டினும் அதன் விளைவு ஏறாது. ஆதலால் மூச்சடைக்கும் அபாயம் குறைவு. அதன்மேல் ஹெரோயினை உறிஞ்சினும் இடம் கிடைக்காது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இவற்றைப் பெற்றுவரும் காலத்தில் மரண வீதம் பாதிக்கும் கீழே இறங்குகின்றது என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட முடிவு. ஏற்பியை முற்றாக அடைத்துவிடும் நல்ட்ரெக்சோன் என்னும் மூன்றாவது மருந்தும் உண்டு. அதனைத் தொடங்குமுன் ஒரு வாரமாயினும் உடல் அபினினப் பொருளின்றி இருத்தல் வேண்டும். இடையில் கைவிடுவோர் பலராதலின் அது உறுதியுள்ள சிலருக்கே பொருந்தும்.

'ஒரு லாகிரியை விடுத்து இன்னொரு லாகிரியைப் பற்றுதலன்றோ இது' என்பது எழக்கூடிய முதல் ஆட்சேபம். அடிமைநோய் என்பது ஒரு பொருளை நாள்தோறும் உட்கொள்ளுதல் மாத்திரமன்று. அதன் பொருட்டு வேலையையும் வீட்டையும் உண்மையையும் இழந்து நிற்றலே அந்நோய். நீரிழிவுக்காரர் நாள்தோறும் இன்சுலின் ஏற்றுதலை அடிமைத்தனம் என்று எவரும் கூறுவதில்லை. மெத்தடோன் அருந்தி, காலையில் தோணி ஏறி, மாலையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருவன், உடல் மருந்தில் தங்கியிருப்பினும், நோயிலிருந்து மீண்டவனே.

இரண்டாவது ஆட்சேபம் மார்க்கம் பற்றியது. முஸ்லிம் ஊர்களில் அது எழுதல் இயல்பே. போதை விலக்கப்பட்டது. ஆயினும் உயிர்காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்குத் தளரும் என்னும் விதி இஸ்லாமியச் சட்ட அறிஞருக்குப் புதியதன்று. அவ்விதியை நடைமுறையில் கொண்ட நாடுகளையும் காணலாம். ஈரானில் 2000ஆம் ஆண்டுகளில் தொடங்கி மெத்தடோன் வழங்கும் நிலையங்கள் ஆயிரக்கணக்கிற் பெருகின. மலேசியா 2005இல் அவ்வழியிற் புகுந்தது. 2010 அளவில் கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலில், மலாயாப் பல்கலைக்கழக வைத்தியரின் மேற்பார்வையில், பள்ளிவாசலுக்குள்ளேயே மெத்தடோன் வழங்கப்பட்டது. தொழ வந்தவனும் மருந்துக்கு வந்தவனும் ஒரே வாயிலால் நுழைந்தமையால் எவர் எதற்கு வந்தார் என அறிய எவருக்கும் இயலவில்லை. வெட்கத்தை வெல்ல இதனினும் நல்ல உபாயம் கண்டார் அரிது. இலங்கையிலோ இவ்வகை மருந்துப் பராமரிப்பு இன்னும் பரவலாக வேரூன்றவில்லை. ஆலோசனையும் தங்கியிருந்து பெறும் புனர்வாழ்வுமே இங்கு முதலிடம் பெற்றுள்ளன.

மருந்து மாத்திரம் போதுமோ எனின், போதாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் நிறுவிய ரி.ரி. ரங்கநாதன் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் இதற்குத் தமிழர் மத்தியிலேயே உள்ள சான்று. மதுவுக்குத் தம் கணவரை இழந்த அவ்வம்மையார், நோயாளியோடு அவனுடைய மனைவியையும் பெற்றோரையும் சிகிச்சைக்கு உட்படுத்தும் முறையை வளர்த்தார். மதுவுக்கு அடிமையானோருக்காக மஞ்சக்குடி முதலிய கிராமங்களில், நோயாளி வாழும் இடத்திலேயே, ஊராரின் துணைகொண்டு முகாம்கள் நடத்தப்பட்டன. ஊர் அறியச் சிகிச்சை பெற்றவனை ஊரே கவனித்துக்கொள்ளும் என்பதே அதன் கருத்து. மறைத்தலையே பரிகாரமாகக் கொண்ட குடும்பங்கள் இதனைச் சிந்தித்தல் நன்று.

இடையே ஒரு பிழைபாட்டைத் திருத்துதல் வேண்டும். அண்மைக் காலத்தில் கரையோர இளைஞரிடையே 'ஐஸ்' என்னும் பெயரில் பரவிவரும் மெத்தம்பெற்றமீன் அபினினத்ததன்று. அது உறக்கத்தைக் கெடுத்து, ஐயுறவையும் மனமயக்கத்தையும் விளைவிக்கும் கிளர்ச்சிப் பொருள். மேற்கூறிய மருந்துகள் அதற்குப் பயன்படா. அதற்குரிய சிகிச்சை பெரும்பாலும் மனநல ஆலோசனையும் நடத்தைப் பயிற்சியுமே. 'குடு'வையும் 'ஐஸை'யும் ஒன்றாகப் பேசும் வழக்கினால் வைத்தியரிடம் கூறவேண்டியது கூறப்படாமற் போகின்றது.

ஃபென்டனில் இத்தீவின் தெருக்களில் நிலைகொள்ளாத இந்நாளில் அதைப் பற்றிக் கவலுதல் எதற்கு என வினவலாம். எஸ்தோனியாவின் கதை விடை தரும். பால்டிக் கடலோரத்து அச்சிறு நாட்டின் குடித்தொகை ஏறத்தாழ 13 இலட்சம். ஆப்கானிஸ்தானில் தலிபான் 2000ஆம் ஆண்டில் பொப்பிப் பயிரைத் தடைசெய்தபின் அங்கு ஹெரோயின் அருகியது. அவ்விடத்தை ஃபென்டனில் நிரப்பியது. பின்னர் ஹெரோயின் மலிந்தபோதும் அது விலகவில்லை. 2012இல் மாத்திரம் அந்நாட்டில் 170 பேர் மிகையளவால் மாண்டனர். 2022 ஏப்ரிலில் தலிபான் மீண்டும் தடைவிதித்தது. 2023இல் ஆப்கானியப் பொப்பிச் செய்கை ஏறத்தாழ 95 வீதம் குறைந்ததென ஐக்கிய நாடுகளின் அலுவலகம் அறிவித்தது. இலங்கைக்கு ஆழ்கடற் படகுகளில் வரும் ஹெரோயினின் ஊற்றும் அத்திசையிலேயே உள்ளது. சந்தை வெறுமையாய் இராது.

அதனாலேயே நலொக்சோன் என்னும் மருந்தை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஏற்பியிலிருந்து ஹெரோயினையும் ஃபென்டனிலையும் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும் இது, நின்றுபோகும் மூச்சைச் சில நிமிடங்களில் மீட்கும். போதை இதில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் தெளிக்கும் வடிவில் வைத்தியரின் சீட்டின்றியே விற்கப்படுகின்றது. மரணத்தொகை இறங்கியமைக்கு இது பரவியமையும் ஒரு காரணமெனக் கருதுவர். இலங்கையில் இது ஆஸ்பத்திரிகளிலேயே உள்ளது. ஆதலால் காலமே முக்கியம். அழைத்தும் எழாமை, குண்டூசித் தலைபோற் சுருங்கிய கண்மணி, நீண்ட இடைவெளி விட்ட மூச்சு, குறட்டை போன்ற ஒலி, நீலம் பாய்ந்த உதடு ஆகியவை மிகையளவின் குறிகள். 'உறங்குகின்றான், எழுப்பவேண்டாம்' என விட்ட இரவுகளிலேயே பல உயிர்கள் போயின. அவனைத் தனியே விடாது, மூச்சு நின்றிருப்பின் வாயோடு வாய்வைத்து மூச்சூதி, மூச்சிருப்பின் ஒருக்களித்துக் கிடத்தி, 1990 என்னும் 'சுவசெரிய' அம்புலன்சை இலவசமாக அழைத்து, என்ன உட்கொண்டான் என்பதை மறையாது கூறுதல் வேண்டும். ஃபென்டனிலாயின் நலொக்சோன் ஒரு முறைக்கு மேலும் தேவைப்படலாம்.

சிகிச்சையை எங்கே தொடங்குவது என அறியாதார்க்கு அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவே அண்மைய வாயில். 1926 என்னும் இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தாரோடு பேசவும் இயலும்.

கந்தக்காட்டிலிருந்து வெலிக்கந்தை வழியாக மட்டக்களப்பு வந்து, அங்கிருந்து கல்முனைக்கு பஸ் ஏறும் இளைஞன் அன்று மாலைக்குள் வீட்டு வாயிலில் நிற்பான். அவன் வருமுன்னரே குடும்பத்தார் மனநலப் பிரிவில் நாள் குறித்து வைத்தல் வேண்டும். உடலின் தாங்குதிறன் கரைந்துவிட்டது என்பதை அவனுக்கே வெளிப்படையாகச் சொல்லல் வேண்டும். முதல் இரு வாரங்களும் இரவில் அவன் அறைக் கதவைத் தாழிடாது வைத்து, மூச்சின் ஒலியைக் கேட்டறிய ஒருவர் அருகே படுத்திருத்தல் வேண்டும்.